பெத் மட்டும்தானா குற்றவாளி?

சென்ற வருட இறுதி விடுமுறையில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட பிரெஞ்சு நாவல். பெயர் ‘கசின் பெத்’. எழுதியவர் ஒனரே த பால்சாக். வாப்பா தன் படிப்புக் காலத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியதாம். நான் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது உம்மும்மா பக்கத்தில் வந்து இருந்து, “என்ன கதை மகள் அது?” என்று கேட்டார். “எரிச்சல் புடிச்ச ஒரு பொம்புள சொந்தக் குடும்பத்தையே அழிக்கிற கதை உம்மும்மா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவளுக்கு அவங்க என்ன குறை வெச்சாங்களாம்?” என்று திருப்பிக் கேட்டார்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்ததைத்தான் நான் சொல்லியிருந்தேன். நாவலை முழுவதும் வாசித்து முடித்த பிறகு, பின்னட்டையில் இருந்த விளக்கத்தை விட உம்மும்மாவின் கேள்விதான் சரியானது என்று எனக்குப் பட்டது. அதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பால்சாக் 1799இல் பிரான்சின் தூர் நகரில் பிறந்து 1850இல் பாரிஸில் மறைந்தவர். இளமையில் அச்சகத் தொழிலில் இறங்கிக் கடனாளியானார். பிறகு வாழ்நாள் முழுவதும் கடன் அவரை விட்டு விலகவில்லை. தன் காலத்துப் பிரெஞ்சுச் சமூகம் முழுவதையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்ற பெரிய ஆசையோடு அவர் எழுதிய ஏறக்குறைய தொண்ணூறு படைப்புக்களின் தொகுதிக்கு ‘மானிட நாடகம்’ என்று பெயர். ‘கசின் பெத்’ 1846ஆம் ஆண்டு ஒரு நாளிதழில் தொடராக வெளிவந்தது. ‘கசின் பொன்ஸ்’ என்ற இன்னொரு நாவலையும் இதனோடு சேர்த்து ‘ஏழை உறவினர்’ என்ற பொதுத் தலைப்பை அவர் வைத்தார். தலைப்பிலேயே அவர் வழி காட்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இது ஒரு பொறாமைக்காரியின் கதை என்பதற்கு முன்னர், ஓர் ஏழை உறவுக்காரியின் கதை.

கதைக்கு வருவோம். பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிஷர் என்ற எளிய விவசாயக் குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அடெலீன். ஐந்து வயது இளையவள் லிஸ்பெத். அவளைத்தான் சுருக்கமாகப் பெத் என்று கூப்பிடுகிறார்கள். இருவரின் தந்தையரும் உடன்பிறந்தவர்கள். ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று ஒரு சொல்லில் சொல்லித் தள்ளிவைத்துவிடலாம். எங்கள் வழக்கில் அப்படிச் சொல்ல முடியாது. பெத் அடெலீனுக்குத் தங்கை. அடெலீனின் பிள்ளைகளுக்கு அவள் சாச்சி. இதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் நாவலின் கசப்பு இன்னும் கூடுகிறது.

அடெலீன் பேரழகி. ஆகவே வீட்டார் அவளை வெயில் படாமல் வளர்க்கிறார்கள். பெத் கறுத்து மெலிந்தவள். ஆகவே அவளை வயலுக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாள் சின்னப் பெத் அக்காவின் மீது பாய்ந்து, எல்லோரும் புகழ்ந்த அந்த அழகான மூக்கைப் பிய்த்தெடுக்கப் பார்க்கிறாள். அதற்காக அவளுக்கு அடி விழுகிறது. அடிக்குப் பிறகும் அவள் அக்காவின் நல்ல உடுப்புகளைக் கிழிக்கிறாள். பெரியவர்கள் அதைக் குழந்தையின் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று ஒருவராவது கேட்டதாகத் தெரியவில்லை.

நெப்போலியனின் காலத்தில் ஹியூலோ என்ற படை அதிகாரி அடெலீனைக் கண்டு, அவளுடைய அழகுக்காகவே மணம் முடித்துப் பாரிஸுக்குக் கொண்டுபோகிறார். அவர் பின்னர் பரன் பட்டம் பெற்றுப் போர் அமைச்சில் உயர் பதவி வகிக்கிறார். ஒரே இரவில் கிராமத்துப் பெண் சீமாட்டியாகிறாள். சில வருடங்களில் அடெலீன் தங்கையையும் பாரிஸுக்கு வரவழைக்கிறாள். பெத் தங்க, வெள்ளி இழைகளால் சரிகை வேலை செய்யப் பழகுகிறாள். இராணுவச் சீருடைகளுக்கும் அரசவை உடைகளுக்கும் அந்த வேலைக்கு அன்று பெரிய கிராக்கி. கடின உழைப்பால் அவள் அந்தத் தொழிலில் தலைமை நிலைக்கும் வருகிறாள். ஆனால் நெப்போலியன் வீழ்ந்ததும் அந்தத் தொழிலும் சரிந்துவிடுகிறது. பெத் மறுபடியும் சாதாரணக் கைவேலைக்காரி ஆகிறாள்.

நாவல் தொடங்கும் 1838இல் பெத் நாற்பது வயதைத் தாண்டியவள். மணமாகாதவள். வாரத்தில் ஒவ்வொரு நாளும் உறவினர் ஒருவர் வீட்டில் அவளுக்கு இராச் சாப்பாடு. எல்லோரும் அவளிடம் தங்கள் இரகசியங்களைச் சொல்கிறார்கள். ஏனென்றால் அவளை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. சுவரிடம் பேசுவது போல அவளிடம் பேசுகிறார்கள். பரன் அவளுக்கு ‘ஆடு’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார். பழைய நாகரிக உடுப்புகளை அவளுக்குக் கொடுக்கிறார்கள். அவளோ அவற்றை வெட்டித் தைத்துத் தன் விருப்பப்படி உருமாற்றி, அழகெல்லாம் போன பிறகுதான் உடுத்துகிறாள். கொடுத்தவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. எனக்கு அந்த இடம் சிரிப்பாக இருக்கவில்லை. “உங்கள் தயவில் நான் அழகாகத் தெரிய விரும்பவில்லை” என்று சொல்ல அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவளுக்குத் தனக்கென்று ஒரே ஓர் உயிர் கிடைக்கிறது. அவளுடைய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த வென்செஸ்லாஸ் என்ற போலந்து இளைஞன் வறுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயல, பெத் அவனைக் காப்பாற்றுகிறாள். தன் சேமிப்பைச் செலவழித்து அவனைச் சிற்பக் கலைஞனாக்குகிறாள். தாயைப் போல உணவளிக்கிறாள். சிறைக்காவலரைப் போலக் கட்டுப்படுத்துகிறாள். அவனைப் பற்றி அக்காவின் மகள் ஒர்த்தென்ஸிடம் பெருமையாகச் சொல்லவும் செய்கிறாள். ஒர்த்தென்ஸ் இளமையும் அழகும் உள்ளவள். அவள் இரகசியமாக அவனைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் கணவனாக்கிக்கொள்கிறாள். முழுக் குடும்பமும் சேர்ந்து இதைப் பெத்துக்குத் தெரியாமல் செய்கிறது. அக்காவிடம் அழகு இருந்தது, கணவர் இருந்தார், பட்டம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். தங்கையிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் அக்காவின் மகள் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பெத் பழிவாங்கத் தொடங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரியான வலெரி மார்னெப் என்ற அழகியோடு கூட்டுச் சேர்கிறாள். வலெரி மணமானவள், பணத்தாசை கொண்டவள். பரனும், அவருடைய சம்பந்தியான கிரெவெல் என்ற பணக்கார வியாபாரியும், கடைசியில் வென்செஸ்லாஸும் அவளுடைய வலையில் விழுகிறார்கள். குடும்பத்தின் பணமும் மானமும் கரைந்துபோகின்றன. இவ்வளவும் செய்யும் பெத், வெளியில் அக்காவுக்கு ஆறுதல் சொல்லும் அன்புத் தங்கையாகவே இருக்கிறாள். கடைசியில் அவள் நோயுற்றுச் சாகும்போது கூட முழுக் குடும்பமும் கட்டிலைச் சுற்றி நின்று அழுகிறது. அவள் செய்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெத்தைத்தான் அழிவுக்குக் காரணம் என்கிறார்கள். நான் அதை மறுக்கிறேன். அதற்கு நாவலின் முதற்காட்சியே எனக்குச் சாட்சி.

முதற்காட்சியில் கிரெவெல் தேசியக் காவற்படைச் சீருடையோடு அடெலீனைப் பார்க்க வருகிறார். அந்த வீட்டின் பட்டுத் திரைகள் நிறம் மங்கியிருக்கின்றன. கதிரைகள் தேய்ந்திருக்கின்றன. ஒர்த்தென்ஸுக்குப் பேசிய கல்யாணம் சீதனப் பணம் இல்லாததால் குழம்பியிருக்கிறது. பரன் தன் சொத்தையெல்லாம் நாடகப் பாடகி ஒருத்தி மீது கொட்டித் தீர்த்துவிட்டார். கிரெவெல் அங்கே வந்ததும் நல்ல நோக்கத்தில் அல்ல. அந்தப் பாடகி முதலில் அவருடைய தயவில் இருந்தவள். பரன் அவளைத் தட்டிப் பறித்துக்கொண்டார். அதற்குப் பழிவாங்கப் பரனின் மனைவியை அவமானப்படுத்த வேண்டும் என்றே அவர் வருகிறார். இவையெல்லாம் பெத் தன் பழியைத் தொடங்குவதற்கு முன்னர் நடந்தவை. அதாவது வீடு முன்பே கறையான் தின்ற வீடாகிவிட்டது. பெத் செய்தது அதில் ஒரு கையை வைத்துத் தள்ளியது மட்டுமே.

அப்படியிருக்க, பழியை ஏன் பெத் மீது போடுகிறோம்? ஆணின் ஆசையை ‘பலவீனம்’ என்றும், ஏழைப் பெண்ணின் ஆத்திரத்தை ‘கெட்ட குணம்’ என்றும் சொல்லிப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில். பரன் சிரித்த முகமும் இனிய பேச்சும் கொண்டவர். நெப்போலியன் காலத்து வீரர். ஆகவே நாவலில் எல்லோரும் அவரை மன்னிக்கிறார்கள். பெத்தை மன்னிக்க யாரும் முன்வரப் போவதில்லை என்பது அவளுக்கே தெரியும்.

பரனின் ஆசை வீட்டோடும் நிற்கவில்லை. வலெரிக்குப் பணம் தேவைப்படுகிறது. பரனின் சம்பளம் முன்கூட்டியே அடகுக்குப் போய்விட்டது. அவர் என்ன செய்கிறார்? மனைவியின் சிறிய தந்தையான ஜொஹான் பிஷர் என்ற வயதானவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பி, படைக்குத் தானியம் வழங்கும் வேலையில் அமர்த்தி, அரசாங்கப் பணத்தைக் கையாடல் செய்ய வைக்கிறார். பிரான்ஸ் 1830இல்தான் அல்ஜீரியாவின் மீது படையெடுத்தது. தூரத்தில் இருக்கும் அந்த முஸ்லிம் நாட்டில் என்ன நடந்தாலும் பாரிஸில் யார் கேட்கப் போகிறார்கள் என்ற துணிவு அவருக்கு. ஆனால் களவு வெளியே வருகிறது. அந்த முதியவர் தற்கொலை செய்துகொள்கிறார். பரனின் அண்ணன் நேர்மையே உருவான ஒரு மார்ஷல். தன் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதை ஈடுசெய்துவிட்டு, அவமானம் தாங்காமல் இறந்துபோகிறார். ஒரு மனிதன் தன் ஆசைக்கு வேலி போடாதபோது அது முதலில் மனைவியின் நகையைத் தின்கிறது, பிறகு மகளின் சீதனத்தை, பிறகு அரசாங்கத்தின் பணத்தை, கடைசியில் நல்லவர்களின் உயிரை. இந்த வரிசையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு கதையை நான் வாசித்ததில்லை. ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தத் தானியம் யாருடைய மண்ணில் விளைந்ததோ, அந்த அல்ஜீரிய மக்களின் குரல் மட்டும் நாவலில் கேட்கவேயில்லை.

பால்சாக் இதை ஒரு தனிமனிதனின் தவறாக மட்டும் பார்க்கவில்லை. அது லூயி பிலிப் மன்னரின் காலம். பழைய பிரபுக்களின் மதிப்புக் குறைந்து, வியாபாரிகளின் கை ஓங்கிய காலம். மன்னரை விடவும் ஐந்து பிராங்கு நாணயத்துக்கே அதிகாரம் அதிகம் என்ற கருத்தைக் கிரெவெலே ஓரிடத்தில் சொல்கிறார். பெத்தும் வலெரியும் குடியிருந்த இடமும் ஒரு சாட்சி. லூவர் அரண்மனையை ஒட்டி, அதன் நிழலிலேயே, ஈரமும் இருளும் நிறைந்த இடிந்த வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு அது. பெருமையும் அழுகலும் பக்கத்துப் பக்கத்தில். பால்சாக் அந்தத் தெருவைப் பக்கக்கணக்கில் வர்ணிப்பது எனக்கு முதலில் அலுப்பாக இருந்தது. பிறகுதான் அவர் அந்தச் சமூகத்தையே வர்ணிக்கிறார் என்று புரிந்தது.

இப்போது பெத்துக்குத் திரும்புவோம். அவளுக்கு நான் வக்கீலாக வரவில்லை. பொறாமையில் இரண்டு வகை உண்டு என்று இஸ்லாமிய அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பிறருக்கு இருப்பது போல எனக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புவது ஒன்று. அது தவறில்லை. பிறருக்கு இருப்பது இல்லாமல் போக வேண்டும் என்று விரும்புவது மற்றது. அதுதான் ஹசத். பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடுமாறு சூரத்துல் பலக் கற்றுத் தருவதும் அதனால்தான். பெத் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் முடிகிறாள். அவளுக்கு ஒரு கைத்தொழில் இருந்தது. உழைக்கும் மனம் இருந்தது. பரன் கொண்டுவந்த வரன்களை வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் இருந்தது. தானே காப்பாற்றிய வென்செஸ்லாஸைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கவும் அவள் தயங்கவில்லை. அவள் வேறு பாதையில் போயிருக்கலாம். போகவில்லை. அந்தக் கணக்கு அவளுடையது.

ஆனால் வித்தை யார் போட்டார்கள்? நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நடந்த சம்பவத்தை நாம் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக வைக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோலக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு சொன்னார்கள். பிஷர் குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. ஒரு பிள்ளை நிழலில், ஒரு பிள்ளை வெயிலில். காரணம் முகத்தின் நிறமும் மூக்கின் வடிவமும். சூரா யூசுபில் தந்தையின் அன்பில் தங்களுக்குப் பங்கு குறைவு என்று எண்ணியதே சகோதரர்களைக் கிணறு வரை கொண்டுபோனது. யஃகூப் (அலை) அவர்கள் மீது குற்றமில்லை, அது சகோதரர்களின் எண்ணம்தான். ஆனாலும் பாகுபாடு என்ற எண்ணமே இவ்வளவு செய்யுமானால், உண்மையான பாகுபாடு என்ன செய்யாது?

எனக்குப் பால்சாக்கோடு சண்டை வருவதும் இந்த இடத்தில்தான். குடும்பம் பெத்தை எப்படிக் கெடுத்தது என்று காட்டியவர், அவளுடைய கறுத்த முகத்தையும் இணைந்த புருவங்களையும் நீண்ட கைகளையும் திரும்பத் திரும்ப வர்ணித்து, உள்ளே இருக்கும் தீமை வெளியே தெரிகிறது என்பது போல எழுதுகிறார். அவளை நாகரிகமடையாத காட்டுமனிதர்களோடும் ஒப்பிடுகிறார். அடெலீனின் வெள்ளை நிறம் தூய்மைக்கு அடையாளமாம். பிஷர் குடும்பத்துப் பெரியவர்கள் செய்த அதே தவறை எழுத்தாளரும் செய்கிறார் அல்லவா? பெரிய எழுத்தாளர் என்பதற்காக இதைப் பேசாமல் விட முடியாது. தன் காலத்தின் நோயைக் கண்டுபிடித்த மருத்துவரையும் அந்த நோய் கொஞ்சம் தொட்டிருக்கிறது.

அடெலீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமர்சகர் பலர் அவளைப் புனிதவதி என்கிறார்கள். கணவர் செய்யும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறாள். பிள்ளைகள் கேட்டால் மறைக்கிறாள். கடனைக் கட்டுகிறாள். ஒரு நாளும் அவரை நேருக்கு நேர் கண்டிப்பதில்லை. அதிர்ச்சியால் அவளுடைய உடலில் ஒரு நடுக்கம் வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அப்போதும் பொறுமைதான். வீட்டை விட்டு ஓடிப்போய், பெயரை மாற்றிக்கொண்டு, பாரிஸின் ஏழைச் சேரிகளில் ஒளிந்து வாழ்ந்த கணவரை அவளே தேடிக் கண்டுபிடித்து மரியாதையோடு வீட்டுக்கு அழைத்து வருகிறாள். முடிவு என்ன? வீட்டுக்கு வந்த கிழவர் சமையற்காரப் பெண்ணிடம், என் மனைவி நெடுநாள் இருக்க மாட்டாள், பிறகு நீ சீமாட்டியாகலாம் என்று சொல்வதை அடெலீன் தன் காதாலேயே கேட்கிறாள். சில நாட்களில் இறந்துவிடுகிறாள். சாகும் நேரத்தில்தான் கணவரை நோக்கி முதன்முதலாக ஒரு வார்த்தை குறையாகச் சொல்கிறாள். பதினொரு மாதங்களில் அவர் அந்தச் சமையற்காரியை மணந்துகொள்கிறார்.

இதை வாசித்துவிட்டுச் சில நாட்கள் எனக்குக் கோபம் தீரவில்லை. சபூர் என்று நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சிறுவயது முதலே சொல்லித் தருகிறார்கள். அது நல்ல சொல். ஆனால் சபூர் என்பது சோதனையில் மனம் தளராமல் சரியானதைச் செய்வது. பிழையைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பது அல்ல. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவனைத் தடுப்பதே அந்த உதவி என்பது நபிமொழியின் கருத்து. அந்த உதவியை அடெலீன் தன் கணவருக்குச் செய்யவேயில்லை. அவளுடைய மௌனம் பரனைத் திருத்தவில்லை. மகளையும், மகனையும், வயதான சிறிய தந்தையையும், கடைசியில் அவளையும் அது காப்பாற்றவில்லை. பெத்தின் ஆத்திரமும் அடெலீனின் மௌனமும் வெவ்வேறு திசைகளில் இருந்து வந்து ஒரே அழிவுக்குத் துணைபோயின என்பது என் கருத்து.

மாணவிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னோர் இடம் வென்செஸ்லாஸின் வீழ்ச்சி. பெத்தின் கண்டிப்பில் இருந்தவரை அவன் வேலை செய்தான். மணம் முடித்துப் புகழும் வசதியும் வந்த பிறகு நண்பர்களோடு இருந்து தன் எதிர்காலப் படைப்புக்களைப் பற்றிப் பேசிக்கொண்டே காலத்தைக் கழிக்கிறான். அரிதாகச் செய்து முடித்த பெரிய சிலையும் தோற்றுப்போகிறது. கற்பனை செய்வது இன்பம், செய்து முடிப்பதுதான் உழைப்பு என்பது பால்சாக் அங்கே சொல்லும் கருத்து. கடன்காரர்களுக்காக இரவு முழுவதும் கோப்பி குடித்துக் குடித்து எழுதிய மனிதர் சொல்வதால் அதில் உண்மை இருக்கிறது. பரீட்சைக்கு அட்டவணை போடுவதிலேயே திருப்தி அடையும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நன்றாகச் சுடும்.

இப்படிப்பட்ட கதையைப் பெண் பிள்ளைகள் வாசிக்கலாமா என்று சில பெற்றோர் கேட்கலாம். என் சாச்சி அப்படித்தான் கேட்டார். அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது, அதை மதிக்கிறேன். இந்த நாவலில் ஒழுக்கக் கேடான மனிதர்கள் நிறைய வருகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் ஒருவரும் மகிழ்ச்சியாக இல்லை. வலெரியின் முடிவு பயங்கரமானது. பரன் கடைசிவரை திருந்தவில்லை, அது அதைவிடப் பயங்கரம். குடும்பத்தில் ஒரே நல்லவனாகத் தெரியும் மகன் விக்டொரின் கூட, வலெரியை அகற்றுவதற்காக இருட்டில் ஒரு பேரத்துக்குச் சம்மதித்துத் தன் கையைக் கறையாக்கிக்கொள்கிறான். தீமையை மினுக்கிக் காட்டி விற்கும் எத்தனையோ நாடகங்கள் எங்கள் கைத்தொலைபேசிகளுக்குத் தினமும் வருகின்றன. இந்த நாவல் தீமைக்கான விலைச்சீட்டைக் காட்டுகிறது. எதை வாசிக்கிறோம் என்பதோடு, வாசித்ததை யாரோடு பேசுகிறோம் என்பதும் முக்கியம். பிள்ளைகள் ஒளித்து வைத்து வாசிப்பதை விட, உம்மா வாப்பாவிடம் சொல்லி வாசித்து, கேள்வி கேட்பது நல்லதல்லவா?

கடைசியாக ஒரு விடயம். எங்கள் உறவிலும் ஒரு மாமி இருக்கிறார். கல்யாண உடுப்புகளுக்கு மணி கோத்துக் கொடுப்பதில் அவருக்கு இணையில்லை. கல்யாண வீடு என்றால் இரண்டு நாள் முன்பே அவருக்கு அழைப்பு வரும், வேலைக்காக. விருந்தன்று அவர் குசினிப் பக்கமாகத்தான் இருப்பார். அவருடைய பழைய பாணி உடுப்பைப் பார்த்து நானும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். மாமி பெத் அல்ல. அவருடைய மனதில் யார் மீதும் எரிச்சல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்படி இல்லாமல் இருப்பது மாமியின் நற்குணம். எங்கள் நற்குணம் அல்ல.

இந்த முறை பெருநாளுக்கு மாமி வந்தபோது நான் அவரை முன்மண்டபத்துக்குக் கூட்டிவந்து என் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். மணி கோக்கும் வேலையை எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் சொன்னார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம்.

உம்மும்மா கேட்ட கேள்வியை, கதைகளில் வரும் பொறாமைக்காரிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அல்லாமல், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவளுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்?